நடக்கத் தெரிந்த பெர்வின்

கரகயாவில் பிறக்கும் எவருக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று அப்பா குழந்தையின் காதில் பாங்கு ஓதி, மூன்று முறை சொல்லி வைப்பது. மற்றது அதற்கும் முன்னால், தொப்புள்கொடியை வெட்டும்போது மருத்துவச்சி வைப்பது. இந்தத் தொப்புள் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அது இல்லாத பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிப் போக எந்த மாமியாரும் சம்மதிக்க மாட்டாள்.

அந்த மலையூரின் சுகாதார நிலையத்தில் பெர்வின் முப்பத்தோரு வருடம் மருத்துவச்சியாக இருந்தாள். அவள் கையில் விழுந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் ஒரே தொப்புள் பெயர்தான்: ஃபாத்மா. தாய்மார்கள் கேட்டுப் பார்ப்பார்கள், அக்கா உங்க பேரையே வைங்களேன் என்று. பிள்ளை பிழைத்த நன்றியில் வேறென்ன தருவது என்று தெரியாமல் கேட்கிற கேள்வி அது. பெர்வின் சிரித்துக்கொண்டே, அது பழைய பேரு, பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுப்பாள். தொப்புள் பெயரைப் பள்ளிக்கூடத்தில் யார் கேட்கப் போகிறார்கள் என்று அந்த நேரத்தில் எவளுக்கும் தோன்றாது.

மினிபஸ் ஓட்டும் இல்யாஸின் அம்மா ஷாசியேவுக்கு மட்டும் தோன்றும். அவள் பெர்வினுக்குப் பள்ளித்தோழி, வாய் நீளம். "ஊர்ல பாதிப் பொண்ணுங்க உள்ளுக்குள்ள ஃபாத்மாதான். சந்தையில நின்னு அந்தப் பேரச் சொல்லி ஒருத்தன் கத்தினான்னா தக்காளி விக்கக்கூட ஆளிருக்காது" என்பாள்.

பெர்வின் மலைக்குரிய பெயரில்லை. பாரசீகத்திலிருந்து வந்து, நகரத்துச் சீமாட்டிகளிடம் தங்கிவிட்ட பெயர். வானத்தில் ஆறு விண்மீன்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்குமே, நாம் கார்த்திகை என்கிறோமே, அதுதான் பெர்வின். மரம் வெட்டி வயிறு வளர்த்த அவள் அப்பா ரிஃபாத் அதை எர்சுரூமில் பட்டாளச் சேவகம் செய்தபோது கேட்டார். அங்கே விஷக்காய்ச்சலில் கிடந்தவருக்குக் கேப்டனின் மனைவி பதினோரு நாள் சூப் கொடுத்தனுப்பினாள். அந்த அம்மாளின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. சூப் கொண்டு வந்த சிப்பாய், பெர்வின் அம்மா குடுத்தாங்க என்பான், அவ்வளவுதான். மகள் பிறந்தால் இந்தப் பெயர் என்று அந்தப் படுக்கையிலேயே முடிவு செய்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில் மகள் பிறந்தாள். பெயர் வைத்தார், பனி உருகியதும் கழுதையில் போய் அடையாள அட்டையும் எழுதி வாங்கி வந்தார். பதினான்கு மாதத்தில் தட்டம்மை அவளைக் கொண்டு போயிற்று. அட்டையை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் இன்னொரு மகள் பிறந்தபோது, இருந்த அட்டையே அவளுக்கு என்று ஆயிற்று. அந்த மகள்தான் நம் பெர்வின். அட்டையில் அவளுக்கு இரண்டு வயது கூடுதல். ஏட்டில் அக்கா சாகவே இல்லை.

இதில் ஊருக்கு ஆச்சரியம் ஏதுமில்லை. அண்ணன் அட்டையில் தம்பி, அக்கா அட்டையில் தங்கை என்று அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. பெர்வினுக்கு ஏழு வயதிருக்கும்போது பெருநாளுக்கு முந்தின நாள் குடும்பத்தோடு கபரஸ்தானுக்குப் போனார்கள். எழுத்தில்லாத ஒரு சின்னக் கல்லைக் காட்டி அத்தை சாதாரணமாகச் சொன்னாள், இந்தா, உன் அட்டைக்காரி இங்கதான் இருக்கா என்று. மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். பெர்வின் மறக்கவில்லை. அன்றிலிருந்து யாராவது அவளைக் கூப்பிட்டால் அரைக் கணம் தாமதித்துத்தான் திரும்புவாள், வேறு ஒருத்தி முதலில் திரும்பட்டும் என்பதுபோல.

அந்த இரண்டு வயது அவளுக்குப் பலவிதத்தில் வேலை செய்தது. ஐந்து வயதில் பள்ளியில் உட்கார்த்தினார்கள். பென்சில் பிடிக்கத் தெரியாமல் அழுதாள். ஆனால் கஸ்தமோனுவில் விடுதியோடு மருத்துவச்சிப் பள்ளிக்கு ஆள் எடுத்தபோது பதினைந்து முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். உண்மையில் அவளுக்குப் பதின்மூன்று. அட்டையில் பதினைந்து. அந்த வருடம் தவறியிருந்தால் தவறியதுதான். அடுத்த கோடையில் அத்தை தன் மகனுக்கு அவளைக் கேட்டு வருவதாக இருந்தாள். படித்துத் திரும்பியவள் முதல் காரியமாகத் தட்டம்மை ஊசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு குக்கிராமம் குக்கிராமமாக நடந்தாள். அவள் கணக்கில் ஊசி போடாமல் தப்பிய குழந்தை ஒன்றுகூட இல்லை. வனத்துறையில் இருந்த நெஜ்மியைக்கூட அப்படி ஒரு பனிப்பாதையில்தான் சந்தித்தாள், கட்டிக்கொண்டாள், இரண்டு மகன்களைப் பெற்றாள். மகள் பிறக்கவில்லையே என்று ஊர் வருத்தப்பட்டபோது அவளுக்குள் நிம்மதிதான்.

ஏனென்றால் இத்தனை படித்தும், இத்தனை ஊசி போட்டும், அவள் மனதில் ஒரு மூலை மட்டும் படிக்கவே இல்லை. அந்தப் பெயர் ஒரு குழந்தையைக் கொண்டு போன பெயர். தன்னிடம் அது சும்மா இருப்பது தான் இரவல் வாங்கியவள் என்பதால். புதிதாக ஒரு பச்சைக் குழந்தைக்கு வைத்தால் பழைய வேலையைத் தொடங்கிவிடும். இதை அவள் நெஜ்மியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார், அவர் சிரிப்பது நியாயம்தான் என்றும் அவளுக்குத் தெரியும்.

ஓய்வு பெற ஒரு வாரம் இருந்தது. ஊர் நன்றி சொல்லத் தொடங்கியிருந்தது. சுகாதார நிலைய வாசலில் தினமும் ஏதாவது இருக்கும்: பின்னிய பூண்டுச் சரம், ஒரு பை வால்நட், துணியில் சுற்றிய பதப்படுத்திய இறைச்சி. அந்தச் சனிக்கிழமை முதல் பனி விழுந்து கணவாய்ச் சாலை மூடிக்கொண்டது. மதியம் இல்யாஸ் தன் மனைவி ஜெய்லானைக் கம்பளியில் சுற்றி மினிபஸ்ஸில் கொண்டு வந்தான். நாள் ஒரு மாதம் முந்திவிட்டது. மாவட்ட ஆஸ்பத்திரி அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், பனிக்கு அந்தப் பக்கம்.

பெண் குழந்தை. நீலமாகப் பிறந்தது, அழவில்லை. பெர்வின் கொடியை வெட்டினாள், வாயிலும் மூக்கிலும் இருந்ததை உறிஞ்சி எடுத்தாள், முதுகைத் தேய்த்தாள், காற்றுப்பையை முகத்தில் வைத்து அழுத்தினாள். கூட வந்த மாமியார் ஷாசியே மூலையில் நின்று ஓதிக்கொண்டிருந்தாள். எத்தனை நிமிடமோ, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு நல்ல சத்தமே வந்தது. ஜெய்லானின் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் பெர்வின் கை கழுவப் போனபோதுதான் ஷாசியே கேட்டாள்: "பேரு என்ன சொன்ன?"

பெர்வின் சொல்லியிருக்கவில்லை. முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாகத் தொப்புள் பெயர் சொல்ல மறந்திருந்தாள். கொடி வெட்டின நேரந்தான் போயிருச்சே, காதுல ஓதுற அன்னைக்குச் சேத்துச் சொல்லிக்கலாம் என்று ஷாசியேவே விட்டுக்கொடுத்தாள்.

மறுநாள் பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வந்து தாயையும் பிள்ளையையும் கொண்டு போயிற்று. பெரிய டாக்டர்கள் பார்த்துவிட்டு, நுரையீரல் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். புதன்கிழமை திரும்பி வந்தார்கள். பெர்வின் எடை போட்டுப் பார்க்கப் போனாள். கட்டில் தலைமாட்டில் சிவப்பு நாடா கட்டியிருந்தது, பிரசவித்தவளுக்கான பட்டைச் சர்பத் அடுப்பில் மணத்துக்கொண்டிருந்தது. ஜெய்லான் நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்து இவரு காதுல ஓதுறாரு. பேரு பெர்வின். தொப்புள் பேரா இல்லக்கா, கூப்பிடுற பேரா."

பெர்வினுக்குத் தராசின் எண் கண்ணில் படவில்லை. பழைய பேரு என்று தொடங்கினாள். ஜெய்லான் விடவில்லை. "என் பிள்ளைக்கு மூச்சு குடுத்தது நீங்க. நான் சும்மா நன்றின்னு சொல்லிட்டுப் போக மாட்டேன். நீங்க வேண்டாம்னு சொன்னா வைக்கல. ஆனா நீங்க வாயால சொல்லணும், ஏன்னும் சொல்லணும். அதுவரைக்கும் பேரில்லாமலே கெடக்கட்டும்."

"பேரில்லாம கெடந்தா சைத்தான் வந்து தூக்கிட்டுப் போவான்" என்றாள் ஷாசியே. "அதுக்கும் உனக்குத்தான் ஆள் அனுப்பணும், மருத்துவச்சியம்மா."

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று பெர்வின் கிளம்பிவிட்டாள். ஒரு மாதம் முந்திப் பிறந்து, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்த அந்த உடம்பும், பூனைக்குட்டிச் சத்தமும் வீடு வரைக்கும் கூடவே வந்தன. இந்த மூச்சின் மேல் போய் அந்தப் பெயரையா வைப்பது?

வீட்டில் அம்மா ஹவ்வா அடுப்பருகே உட்கார்ந்து தட்டில் உடைத்த கோதுமையைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எழுபத்து மூன்று வயது. கண் மங்கினாலும் கல் தப்பாது. செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. ஷாசியேவுக்கு ஃபோன் எதற்கு இருக்கிறது.

"உன் பேரு என்ன சொறியாடி, தொட்டா ஒட்டிக்கிறதுக்கு?" என்றாள்.

பெர்வின் பூட்சைக் கழற்றி, அதிலிருந்த பனியைத் தட்டினாள். பிறகு நாற்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னாள். "அது என் பேரு இல்லம்மா. அவ பேரு. அவளுக்கு ஆனது இந்தக் குழந்தைக்கும் ஆயிட்டா?"

ஹவ்வா ஒரு கல்லை எடுத்து அடுப்புச் சாம்பலில் போட்டாள்.

"அட்டைய உங்கப்பா சோம்பேறித்தனத்துல வச்சிருந்தாருன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. உங்கத்த அப்படித்தான் சொல்லுவா. நீ பொறந்ததும் அவரு கழுதைக்குச் சேணம் கட்டியாச்சு. போய் அத ரத்து பண்ணிட்டு உனக்குப் புதுசா வாங்கிட்டு வரேன்னாரு. நான்தான் கதவ மறிச்சு நின்னேன்."

"ஏம்மா?"

"அங்க எழுத்தர் என்ன பண்ணுவான்? பேரு மேல ஒரு கோடு போடுவான். அவ்வளவுதான். அவ துணியெல்லாம் உங்கத்த எரிச்சுட்டா, அம்ம தொத்திக்கும்னு. அவ பொறந்தாங்கறதுக்கு எங்கிட்ட அந்தத் தாள விட்டா என்ன இருந்துச்சு?" அடுத்த கல். "அது ஒண்ணு. இன்னொன்னு, எனக்கு அந்தப் பேர வாயால சொல்லணும் போல இருந்துச்சு. அவ நடக்கல, தெரியுமா உனக்கு? பதினாலு மாசம் ஆகியும் நடக்கல. நான் அடுப்படிலேர்ந்து பெர்வின்னு கூப்பிட்டா தலைய மட்டும் திருப்புவா. நீதான்டி வந்த. ஒரு வயசுகூட ஆகல. கூப்பிட்டேன், சுவத்தப் புடிச்சு எழுந்திரிச்சு, விட்டுட்டு, நாலு அடி நடந்து வந்து என் பாவாடையப் புடிச்ச. அந்தப் பேருக்கு எழுந்து வந்தவ நீதான். அன்னைக்கே அது உன் பேரு ஆயிடுச்சு."

கோதுமையைக் குலுக்கிச் சமன் செய்தாள். "நீதான் அத அடுத்த வீட்டுப் பாத்திரம் மாதிரி வச்சுக்கிட்டுத் திரியற."

பெர்வின் எதிரே உட்கார்ந்து, தட்டை அருகில் இழுத்துக்கொண்டு, தானும் கல் பொறுக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் நல்ல கோதுமையாகவே பொறுக்கினாள். ஹவ்வா பார்த்தாள், அவள் பொறுக்கியதை மறுபடியும் தட்டில் கொட்டினாள்.

வியாழக்கிழமை காலையில் பெர்வின் ஒரு குடுவைத் தண்ணீரோடு கபரஸ்தானுக்குப் போனாள். கையால் பனியைத் தள்ளிக் கல்லைக் கண்டுபிடித்தாள். கரகயாவில் யார் வீட்டுப் பாத்திரமும் வெறுமனே திரும்பிப் போவதில்லை. பலகாரம் வைத்து வந்த தட்டு, திரும்பும்போது ஒரு பிடி வால்நட்டாவது கொண்டு போகும். தான் கடன் வாங்கியது என்று நினைத்திருந்த இந்தப் பெயரில் எத்தனை பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறோம் என்று யோசித்தாள்; எண்ணிக்கை பதிவேட்டில் இருந்தது, முகங்கள் இவளிடம் இருந்தன. முகம் தெரியாத ஒரு கேப்டன் மனைவியின் சூப்பில் தொடங்கிய விஷயம். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினாள்.

"ரெண்டு வருஷம் குடுத்தியேக்கா" என்று மட்டும் சொன்னாள். தன் அக்காவை அக்கா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

வெள்ளிக்கிழமை ஷாசியே வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். சிவப்புச் சர்பத் கண்ணாடிக் குவளைகளில் சுற்றி வந்தது. ஹவ்வாவைக்கூட இல்யாஸ் மினிபஸ்ஸில் ஏற்றி வந்து ஜன்னலோரம் உட்கார்த்தியிருந்தான். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு அவன் பெர்வினைப் பார்த்தான். ஜெய்லானும் பார்த்தாள்.

பெர்வின் காரணத்தைச் சொன்னாள், எல்லோர் முன்னிலும், சுருக்கமாக: அக்காவை, அட்டையை, தன் பயத்தை. அறையில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தங்கள் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் அட்டையும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஜெய்லான் கேட்டாள், இப்பவும் பயமா இருக்காக்கா என்று.

"இருக்கு" என்றாள் பெர்வின். "ஆனா ஒன்பதாம் மாசம் தட்டம்மை ஊசி நானே வந்து போடுவேன், ரிட்டயர் ஆனாலும். அந்தச் சம்மதத்தோட வைங்க."

அதற்கு முன்னால் குழந்தையின் மேல் குனிந்து பாக்கியிருந்ததை முடித்தாள்: தொப்புள் பெயர், ஃபாத்மா. பழக்கத்தை விட முடியவில்லை என்றாள். உள்ளுக்குள் தானும் ஃபாத்மாவான ஜெய்லான் அப்போதுதான் சிரித்தாள், தையல் வலிக்க வலிக்க.

இல்யாஸ் வலது காதில் பாங்கு ஓதினான். பிறகு, உன் பேரு பெர்வின், உன் பேரு பெர்வின், உன் பேரு பெர்வின் என்று மூன்று முறை சொன்னான். குழந்தை மூன்றாவது முறை கொட்டாவி விட்டது. பெர்வின் மட்டும் அதன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பாட்டுக்கு ஏறி இறங்கியது.

குவளைகள் மறுபடி நிரம்பின, பேச்சு ஏறியது. ஜன்னலோரத்திலிருந்து ஹவ்வா கூப்பிட்டாள். "பெர்வின், எனக்கு அந்தச் சர்பத் இன்னும் வரல."

"எந்தப் பெர்வின்?" என்று ஷாசியே குழந்தையைக் காட்டிக் கேட்டாள்.

"நடக்கத் தெரிஞ்சவ" என்றாள் ஹவ்வா.

பெர்வின் அதற்குள் எழுந்திருந்தாள். இந்த முறை அரைக் கணம்கூடத் தாமதிக்கவில்லை.