நான் கழுவிய சுவர்

என் தம்பி மனைவியைத் தெருவே 'ஏணி' என்றுதான் கூப்பிடும். பன்னிரண்டு வருடம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவள். அவள் தரையில் நின்று பார்த்தவர்கள் குறைவு. ஊரார் பெயரையெல்லாம் எழுதிய கைக்கு, தன் இஷ்டத்துக்கு வரைய ஒரு சுவர் வேண்டும் என்று ஆசை. அவளும் இரண்டு தோழிகளும் நடையாய் நடந்தபின், என் இஸ்திரிக் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் பக்கவாட்டுச் சுவரைக் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் அது சிமெண்ட் விளம்பரத்துக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை காலை கடை திறக்க வந்தால், சுவர் முழுக்க சாக்பீஸ் கிறுக்கல். மீன், சுழி, பெருக்கல் குறி, கோணல் நாற்காலி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எந்தக் கழுதையோ என் ஏணியின் சுவரைப் பாழாக்கிவிட்டதே! வாளி வாளியாகத் தண்ணீர் அடித்து, நீளக் கம்பில் துடைப்பத்தைக் கட்டி, திட்டிக்கொண்டே தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினேன். நன்றி சொல்வாள் என்று வேறு காத்திருந்தேன்.

வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா... அது நாங்க கிறுக்கினது. அதை போட்டோ எடுத்து, போன்ல அதுமேல எங்க படத்தை வச்சுப் பார்ப்போம். அப்பதான் எந்தக் கிறுக்கல்கிட்ட கண்ணு, எதுகிட்ட கைன்னு தெரியும். நேத்து ராத்திரி பூரா ஏறி இறங்கினோம்."

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அழுகையும் வந்தது.

"என்ன கிறுக்கணும்?"

"எதுவேணா. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக்கூடாது, அவ்ளோதான்."

"அதுக்கு நீங்க மூணு பேர் எதுக்கு? தெருவே இருக்கே!"

முதலில் நான் ஓர் இஸ்திரிப் பெட்டி போட்டேன்; செருப்பு மாதிரி வந்தது. தையல்காரர் கத்தரிக்கோல் வரைந்தார். ரொட்டிக் கடைக்காரம்மா ஒரு பன். மாடிவீட்டு டீச்சர் ஏணியில் ஏறி, தன் கணவர் மூக்கை வரைந்துவிட்டு இறங்கினார். பத்து மணிக்குள் சுவர் நிறைந்துவிட்டது.

சனிக்கிழமைக்குள் படம் முடிந்தது. இரண்டு மாடி உயரத்துக்கு ஒருத்தி கொடியில் துணி உலர்த்துகிறாள். துணியெல்லாம் பறவையாகிப் பறக்கிறது. அது என் முகம் இல்லை என்று ஏணி சாதிக்கிறாள். எனக்குத் தெரியாதா!

சொந்தக்காரர் வந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா சிமெண்ட்காரங்க ரொம்பக் கேக்கறாங்க..."

தையல்காரர் பாய்ந்தார். "அந்த நீலப் பறவைக்கு அடியில என் கத்தரிக்கோல் இருக்கு சார்! அதுமேல சிமெண்ட் மூட்டையா?"

"தோள்பட்டைக்குள்ள என் பன்னு!"

"எங்க வீட்டுக்காரர் மூக்கு!"

ஆளாளுக்கு விரல் நீட்டினார்கள். வண்ணத்துக்கு அடியில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்தது. சொந்தக்காரர் மேலும் கீழும் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"என் சுவர்ல என்னோடது ஒண்ணுமே இல்லையா?"

ஏணி, தன் ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னாள். "இதுல இடம் இல்ல சார். எதிர்ச் சுவரும் உங்களோடதுதானே?"

அவர் கையை நீட்டினார். நான் சாக்பீஸ் கொடுத்தேன்.

இப்போது ஒன்பது சுவர் ஆகிவிட்டது. கிறுக்கும் நாளன்று என் துடைப்பத்தை மட்டும் ஏணி பூட்டி வைத்துவிடுவாள்.