சிவனணைந்தபெருமாள் அடித்த கோடு

தூத்துக்குடியில் கப்பல் சரக்குக்குக் காகித வேலை பார்த்துக் கொடுக்கும் அலுவலகங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் சிவனணைந்தபெருமாளைப் போலக் கோடு அடிக்கத் தெரிந்தவர் எந்த அலுவலகத்திலும் கிடையாது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்காட்டுக் குடும்பம். தினமும் பஸ்ஸில் வந்து இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்காருகிறார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எல்லாமே அச்சடித்த படிவம். ஒவ்வொன்றிலும் 'தேவையில்லாததை அடிக்கவும்' என்று ஒரு வரி இருக்கும். அரசாங்கம் சொன்னதிலேயே அவர் முழுமனதாக நம்பியது அந்த ஒரு வரியைத்தான்.

படிவம் போய் மெயில் வந்தபோது மற்றவர்கள் தடுமாறினார்கள். இவர் அசரவில்லை. வந்த மெயிலையே பதிலுக்குத் திறந்து, அவர்கள் கேட்டிருக்கும் கேள்விக்குள் புகுந்து, வேண்டாத சொல்லின் மேல் சிவப்பாக ஒரு கோடு இழுத்துவிடுவார். அடிபடாமல் மிச்சம் நிற்பதுதான் பதில். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத மாட்டார். எழுதினால்தானே தப்பு வரும் என்பது அவர் கட்சி. லீவு கேட்பதற்கே 'காய்ச்சல் / கல்யாணம் / இழவு' என்று ஒரு மெயில் செய்து வைத்திருந்தார். இரண்டை அடித்து மேனேஜருக்கு அனுப்புவார். வீட்டில் இட்லியா தோசையா என்று கேட்டால் "தோச வேண்டாம்" என்பார். அவர் மனைவி அருணாசலவடிவுக்கு அது பழகிப்போய்ப் பல காலம் ஆகிறது.

இந்த மனுஷனை நம்பித்தான் சீனித்தாய் தன் கண்டெய்னரை ஒப்படைத்தாள். அவளுக்கு உடன்குடிப் பக்கம் நிலவாகை இலை வியாபாரம். வெளிநாட்டில் மலச்சிக்கலுக்கு அந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். அவர்கள் வயிறு முரண்டு பிடிக்கும்வரை இங்கே பிழைப்பு ஓடும். பதினோரு வருஷம் பெரிய கம்பெனிகளுக்கு இலை காயவைத்துக் கொடுத்தாள். சாக்கில் அவர்கள் பெயர்தான் இருந்தது. மருந்தே படாத இலை என்று சான்றிதழ் வாங்க மூன்று வருஷம் அலைந்து, இந்தத் தடவைதான் முதன்முதலாகச் சாக்கில் தன் பெயரை அச்சடித்திருந்தாள்.

கண்டெய்னர் ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் போய் இறங்கியது. திங்கட்கிழமை அங்குள்ள கிடங்கிலிருந்து இங்கிலீஷில் ஒரு மெயில் வந்தது. ஒரு சாக்கில் உயிரோடு ஒரு வண்டு இருந்ததாம். சுத்தம் செய்ய இரண்டு வழி. 'மருந்துப் புகை / குளிர் அறை. எது என்று உறுதி செய்யவும். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் பதில் இல்லையென்றால் வழக்கப்படி மருந்துப் புகை.'

மருந்துப் புகை பட்டால் சான்றிதழ் செத்தது. வாங்குகிறவன் அந்த இலையைத் தொடமாட்டான். சீனித்தாய் மறுபடியும் அடுத்தவன் பெயர் போட்ட சாக்குக்கு இலை அள்ளப் போக வேண்டியதுதான்.

அவள் பதறிப்போய் போன் செய்தாள். "குளிர் ரூமுன்னு உடனே சொல்லிருங்க அண்ணாச்சி."

"இதுக்கா இப்பிடிப் பதறுத தங்கச்சி? ஒரே கோடுல முடிஞ்சிரும்."

மருந்துப் புகையின் மேல் கோடு இழுத்து அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. 'நன்றி. மருந்துப் புகையா, குளிர் அறையா? தயவுசெய்து உறுதி செய்யவும்.' எழுதியிருந்தது ஒரு பெண். அண்ணாச்சி தான் அனுப்பியதைத் தன் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தார். கோடு பளிச்சென்று இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எழுத்தைத் தடிமனாக்கி மறுபடி அடித்தார். புதன்கிழமையும் நன்றி வந்தது, கேள்வியும் வந்தது. பின்னால் மஞ்சள் பூசி அடித்தார். வியாழக்கிழமையும் அதேதான். எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி அடித்தார். கிடங்குக்குப் போன் போட்டபோது, மெயில் அனுப்பவும் என்று இயந்திரம் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, இன்னுமா முடியல?" என்று பக்கத்து மேஜை ஜெர்சன் கேட்டான்.

"அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலடே," என்றார்.

வருகிற பதிலுக்குக் கீழே வாலாகத் தொங்கும் பழைய மெயிலை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. நாம் அனுப்பியதே திரும்பி வந்தால் அதை எதற்கு வாசிக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலையில் நான்காவது நன்றி வந்தது. அங்கே பகல் பன்னிரண்டு என்றால் இங்கே மூன்றரை. இரண்டு மணிக்கெல்லாம் சீனித்தாய் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். மெயில்களின் நகல் அவளுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. பதில் எழுதுவது அண்ணாச்சி இலாகா என்று அவற்றைத் திறக்காமலே வைத்திருந்தாள். அன்றைக்கு இருப்புக் கொள்ளாமல் போனில் திறந்தாள். எந்தக் காகிதத்தையும் அடியிலிருந்து மேலாக வாசிப்பதுதான் அவள் வழக்கம். வியாபாரத்தில் வில்லங்கத்தையெல்லாம் கீழேதான் வைப்பார்கள்.

"அண்ணாச்சி, நீங்க எத அடிச்சிய?"

"பொகையத்தான்."

"இங்கன கோட்டையே காணுமே."

போனை வாங்கிப் பார்த்தார். அவர் அனுப்பிய நான்கு மெயிலும் அந்தம்மாவின் பதிலுக்குக் கீழே வரிசையாக இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்ன '>' குறி. மற்றபடி ஒரே கறுப்பு எழுத்து. சிவப்பு இல்லை, தடிமன் இல்லை, மஞ்சள் இல்லை. 'மருந்துப் புகை / குளிர் அறை' என்று இரண்டும் சேதாரமில்லாமல் நின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு: பாதுகாப்பு கருதி இந்த மாதம் முதல் எங்களுக்கு வரும் மெயில்கள் வெறும் எழுத்தாக மட்டுமே மாற்றி வாசிக்கப்படும்.

"நாலு நாளா அவ கேட்ட கேள்வியவே அவளுக்குத் திருப்பி அனுப்பிருக்கிய," என்றாள் சீனித்தாய்.

மணி இரண்டே முக்கால். அண்ணாச்சி புது மெயில் ஒன்றைத் திறந்தார். அதில் அடிப்பதற்கு ஒன்றுமே இல்லை, முழுக்க வெள்ளை. அவருக்குப் பயமாக இருந்தது. பிறகு மெதுவாக 'மருந்துப் புகை' என்று தட்டினார். தட்டிவிட்டுக் கோடு போடும் பொத்தானுக்கு மவுஸை நகர்த்தினார்.

"அண்ணாச்சி!" என்று சீனித்தாய் போட்ட சத்தத்தில் ஜெர்சன் எழுந்தே நின்றுவிட்டான்.

அவள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. தன் போனிலேயே, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினாள். 'குளிர் அறை மட்டும். புகை கூடாது. இது என் இலை. சீனித்தாய்.' அண்ணாச்சிக்கு ஒரு நகல் போட்டு அனுப்பினாள்.

மூன்று பத்துக்கு இரண்டு இடத்திலும் மணி அடித்தது, அவள் போனிலும் அவர் கம்ப்யூட்டரிலும். 'அன்புள்ள சீனித்தாய், தெளிவான பதிலுக்கு நன்றி. குளிர் அறைக்கு அனுப்பிவிட்டோம். இனி உங்களுக்கே நேரடியாக எழுதுகிறோம்.'

சீனித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாள். இலை தப்பியதில் அண்ணாச்சிக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. மெயிலை இன்னொரு தடவை வாசித்தார். அதில் அவர் பெயர் எங்கேயும் இல்லை.

"அடுத்த கண்டெய்னருக்கும் காகித வேல நீங்கதான் அண்ணாச்சி," என்றாள் அவள் எழுந்தபடியே. "மெயில மட்டும் நானே எழுதிக்கிடுதேன். என்ன சொல்லுதிய?"

சிவனணைந்தபெருமாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். வழக்கம்போல 'நான் எழுத வேண்டாம்' என்று அடித்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"நீயே எழுது தங்கச்சி," என்றார்.