ஜெர்மன் ஸ்பானரும் என் மாமனாரும்

என் மாமனார் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த நாளை நினைத்தால், அவர் முகத்துக்கு முன்னால் ஒரு ஸ்பானரின் பளபளப்புதான் கண்ணில் வந்து நிற்கும். எழுபதுகளின் கடைசி. பெண் பார்த்தாகிவிட்டது, எனக்கு மிகவும் பிடித்தும்விட்டது. எங்கள் ஊர் திருவாதவூரிலிருந்து மதுரைக்குப் போகிற பஸ்ஸையெல்லாம் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். இனி பெண் வீட்டார் வந்து எங்கள் வீடு, வயலைப் பார்த்துவிட்டால் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம்.

மாமனாருக்கு மதுரையில் முலாம் பட்டறை. மட்டமான இரும்பில் செய்த ஸ்பானர், குறடெல்லாம் சாக்குச் சாக்காக அவரிடம் வரும். தேய்த்து மெருகேற்றி, நிக்கல் தொட்டியிலும் குரோமியத் தொட்டியிலும் முக்கி எடுத்தால், அதில் முகம் பார்த்து மீசை திருத்தலாம். தரகர் எங்களிடம் 'ஏதோ கம்பெனி வைத்திருக்கிறார்' என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

என் அப்பாவின் பெரும் பெருமை, மதுரை விளக்குத்தூண் பக்கம் நடைபாதையில் வாங்கிய ஸ்பானர் செட். விற்றவன் 'ஜெர்மன் சாமான்' என்று சொன்னதை அப்படியே நம்பி, துணியில் சுற்றிப் பட்டு வேட்டிகளோடு பெட்டிக்குள் வைத்திருந்தார். அதைக் கொண்டு யாரும் எதையும் கழற்றியதில்லை. வருகிறவர்களுக்குக் காட்டுவதோடு சரி.

பெண் வீட்டார் வந்த அன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் வயலுக்குப் போனோம். பம்ப்செட் குழாயின் இணைப்பில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வேறொருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். அப்பாவோ குஷியாகிவிட்டார்.

"எடுத்துட்டு வாடா, அந்த ஜெர்மனை!"

ஓடிப்போய் எடுத்து வந்தேன். மாமனார் அதை என் கையிலிருந்து வாங்கிப் புரட்டினார். ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். திருவிழாக் கூட்டத்தில் சொந்தப் பிள்ளையைக் கண்டவர்போல அவர் முகம் மாறியது.

"சம்பந்தி, இது வேணாம். கறுத்துப்போன பழைய ஸ்பானர் ஏதாச்சும் கெடந்தா எடுங்க."

"ஏன், பட்டிக்காட்டுல நல்ல சாமான் இருக்கக் கூடாதா?"

"அதுக்குச் சொல்லல. போல்ட்டு இறுகிக் கெடக்கு..."

அப்பா ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு பம்ப்செட்டின் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஏறி நின்றார். போல்ட்டில் மாட்டி, மூச்சைப் பிடித்து இழுத்தார். ஸ்பானர் கொட்டாவி விடுவதுபோல மெல்ல வாயைத் திறந்தது. புது வேட்டியோடு அப்பா மல்லாக்கத் தொட்டிக்குள் விழுந்தார். போல்ட் இம்மியும் அசையவில்லை.

தரகர் தென்னை மரத்தை ஆராயத் தொடங்கினார். என் கல்யாணமும் அந்தத் தண்ணீரில் முங்கிவிட்டதென்று நினைத்தேன். மாமனார் ஓடி வந்து கைநீட்டினார், அப்பாவுக்கு அல்ல, ஸ்பானருக்கு. அதை வெயிலில் திருப்பிப் பார்த்தவர் தன்னை மறந்து கத்தினார்.

"பாருங்க சம்பந்தி! வாய் இம்புட்டு விரிஞ்சும் முலாம் ஒரு எடத்துல உரியல. நம்ம பட்டறை வேலை!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப இது ஜெர்மன் இல்லையா?" என்றார் அப்பா, மார்பளவு தண்ணீரில் நின்றபடி.

"முலாம் நம்மளுது. உள்ள இருக்கிற இரும்புக்கு நான் பொறுப்பில்ல."

அப்பா முறைத்தார். "பொண்ணுக்கும் இப்பிடி ஏதாச்சும் பூசியிருக்கீகளா?"

முதலில் சிரித்தது என் அம்மா. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடக்க முடியவில்லை. "ஊரெல்லாம் ஜெர்மன் ஜெர்மன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீகளே!" என்று அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டே நின்ற அப்பாவுக்கும் சிரிப்பு பீறிட்டது. சாயங்காலமே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் அப்பா மறக்கிற ஆள் இல்லை. கல்யாணத்தன்று பித்தளைச் சீர்ப் பாத்திரங்களைப் பரப்பி வைத்ததும், சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். குத்துவிளக்கு, குடம், தாம்பாளம் என்று ஒவ்வொன்றிலும் வைத்து, உள்ளே இரும்பா என்று பார்த்தார். எதிலும் ஒட்டவில்லை. பெண் வீட்டாரின் முகங்கள் கடுகடுத்தன. நான் மணவறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன்.

மாமனார் கோபப்படவில்லை. நேராக வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "என்னையும் ஒரு தடவை பாத்துருங்க சம்பந்தி. மனசுல சந்தேகம் வேணாம்."

அப்பா தயங்காமல் அவர் நெஞ்சில் காந்தத்தை வைத்தார். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி வைக்கும் தகரக் கூடு இருந்ததை இருவருமே யோசிக்கவில்லை.

"இரும்பு! மனுசன் சுத்த இரும்புய்யா!" என்று அப்பா மண்டபமே அதிரக் கத்தி அவரைக் கட்டிக்கொண்டார். அதைத்தான் சைகை என்று நினைத்து மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். நான் இன்னும் தாலியைக் கையில்கூட வாங்கியிருக்கவில்லை.