பத்தாம் ஃப்ரெட்டில் ஒரு செத்த சுரம்

போன வாரம் என் மகள் கைப்பேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "இதப் பாரும்மா, உனக்குப் புடிக்கும்" என்றாள். தாடி வைத்த ஒரு பையன் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனால் அந்தக் கிட்டாரைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். மேல்பலகை தட்டையாக இல்லாமல் நடுவில் தொப்பை வைத்து எழும்பிய கிட்டார். ஆர்ச்டாப் என்பார்கள். இரண்டு பக்கமும் வயலினுக்கு இருப்பதுபோல நெளிந்த துளைகள். தன் தாத்தாவுடையதாம், ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்ததாம். சொல்லிக்கொண்டே வாசித்தான். நான் ஒரே ஒரு சுரத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது. மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு ஓட, அது மட்டும் 'டப்' என்று ஈரத்துணியைத் தட்டியதுபோல விழுந்து செத்தது. நான் சிரித்த சிரிப்பில் மகள் பயந்துபோனாள்.

அந்தச் சுரத்தைக் கொன்றவள் நான்தான். நாற்பது வருஷம் ஆகிறது. இன்னும் இனிக்கிறது.

அப்போது எனக்கு டோல்கேட் பக்கத்தில் மோட்டார் வைண்டிங் கடையில் வேலை. எரிந்துபோன ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் புதுச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுவேன். வார்னிஷ் வாசனை தலைமுடியில் ஏறிக்கொண்டால் எவ்வளவு சீயக்காய் போட்டாலும் போகாது. என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு பேர் எழுந்து போனதற்கு அந்த வார்னிஷ்தான் காரணம் என்பாள் அம்மா. என் வாய்தான் காரணம் என்பான் அண்ணன். இன்றைக்கும் எங்காவது மோட்டார் எரிகிற வாசனை வந்தால் எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வரும்.

அண்ணன் காசிமேட்டில் மீன்பிடிப் போட்டு கட்டுகிற தச்சன். கடலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. இவன் மட்டும் படகு ஆடினாலே வாந்தி எடுப்பான். அப்பா தலையில் அடித்துக்கொண்டு அவனைக் கரையிலேயே விட்டுவிட்டார். ஆனால் மரத்தை வளைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அதைக் கேள்விப்பட்டுத்தான் ராயபுரத்து ரிச்சர்டு, கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிறவன், உடைந்துபோன ஒரு ஆர்ச்டாப்பைக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான்.

"இதே மாரி ஒண்ணு பண்ணிக் குடு மாமு. வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன்" என்றான். அந்த 'மறக்க மாட்டேன்' என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் வந்து இறங்கும் மெஷின்களை அடைத்து வருகிற பெட்டிகளை உடைத்து, அந்தப் பலகைகளை விற்கிற கடைகள் எங்கள் பக்கம் வரிசையாக இருந்தன. பிசின் மணக்கும் வெள்ளை மரம். அண்ணன் அங்கே ஒவ்வொரு பலகையாக விரல் மூட்டால் தட்டி, காதை வைத்துக் கேட்டுக் கேட்டு, கடைக்காரரைப் பாதிப் பைத்தியமாக்கி, மேல்பலகைக்கு ஒன்றை எடுத்தான். முதுகுக்குப் பலா. உளியால் வெளியே குடைந்து, உள்ளே குடைந்து, கடைசியில் பலகையை விளக்குக்கு முன்னால் பிடித்தால் வெளிச்சம் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு இழைத்தான்.

சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப் என் வேலை. அதுவும் காயில்தானே. பழைய கரண்ட் மீட்டரைப் பிரித்துக் காந்தம் எடுத்து, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஐயாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றினேன். மூன்று முறை அறுந்தது. நான் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பிக்கப்பை உட்கார வைக்க மேல்பலகையில் ஓட்டை போடலாம் என்றேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அத்தோட வயித்தக் கிழிக்கச் சொல்றியாமே?" என்றான். அதனால் அது மரத்தைத் தொடாதபடி, கழுத்தின் முனையில் ஒரு தகட்டை வைத்து, தந்திகளுக்கு அடியில் தொங்கவிட்டேன். எல்லாம் முடிந்து முதுகுப் பலகையை ஒட்டுவதற்கு முன்னால், அதன் உள்பக்கத்தில் அண்ணன் பெயரையும் என் பெயரையும் சால்டரிங் அயனால் சுட்டு எழுதினேன். இடது துளை வழியாகப் பார்த்தால் தெரியும். அண்ணன் அதற்கு மேலே மஞ்சள் குங்குமம் வைத்தான். புதுப் போட்டுக்கு அப்படித்தான் வைப்பார்கள்.

புதுப் போட்டைக் கடலில் இறக்குகிற அன்றைக்கு, கட்டின தச்சனுக்கு முதலாளி வேட்டி துண்டு போர்த்தி, எல்லார் முன்னாலும் இவர் கட்டினது என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் எந்தப் போட்டும் எங்கள் கரையில் தண்ணீரைத் தொட்டதில்லை. கிட்டாருக்கும் அதுதான் முறை என்று அண்ணன் நினைத்துக்கொண்டான். ரிச்சர்டு அதை முதல் முதலாக மேடையேற்றின கல்யாணத்துக்கு அண்ணன் புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தான்.

ரிச்சர்டு மைக்கைப் பிடித்தான். "ஜெர்மன் கிட்டார். கப்பல் ஆபீசர் ஒருத்தர் நமக்காகக் கொண்ணாந்தது" என்றான். மண்டபமே கை தட்டியது. என் அண்ணனும் தட்டினான்.

வெளியே ரிச்சர்டை மடக்கிக் கேட்டேன். அவன் கோபப்படக்கூட இல்லை. "கப்பல் சரக்குன்னாதாம்மா ஜனங்க மதிக்கும். காசிமேட்டுப் போட்டு ஆசாரியும் ஒரு பொண்ணும் பண்ணாங்கன்னு சொன்னா எவன் கச்சேரிக்குக் கூப்புடுவான்?" என்றான். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தான். "வுடுமே. நல்லா பாடுதுல்ல, அது போதும்" என்றான். அவனுக்குப் போதும். எனக்குப் போதாது.

மழைக்காலம் முடிந்ததும் ரிச்சர்டு கிட்டாரோடு கடைக்கே வந்து நின்றான். உப்புக் காற்றில் கழுத்து கொஞ்சம் அசைந்து, தந்திகள் ஆங்காங்கே இரைந்தன. ஃப்ரெட்டுகளைச் சமன்படுத்த வேண்டும். உலோக வேலையெல்லாம் செய்தவள் நான், வேறு யாரிடம் போவான்? துளை வழியாக உள்ளே பார்த்தேன். எங்கள் பெயர் இருந்த இடத்தில், ஏதோ மெஷின் பெட்டியிலிருந்து உரித்தெடுத்த வெளிநாட்டு லேபிளைக் குச்சியால் தள்ளி ஒட்டியிருந்தான். "ஞாயித்துக்கெழம கச்சேரிக்கு நேரா எடுத்தாறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள். எல்லாவற்றின் தலையிலும் மை தடவி, தட்டையான அரத்தை நீளவாக்கில் ஓட்ட வேண்டும். மை அழிந்தால் மேடு, மை நின்றால் பள்ளம். எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்தபின் ஒவ்வொன்றின் தலையையும் உருட்டி மெருகு போட வேண்டும். அத்தனையும் ஒழுங்காகச் செய்தேன். இவ்வளவு சுத்தமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. கடைசியில், பத்தாவது ஃப்ரெட்டில், இரண்டாம் தந்திக்கு நேர் கீழே மட்டும், மயிரிழை அதிகமாக ராவினேன். அங்கே அழுத்தினால் தந்தி அடுத்த ஃப்ரெட்டில் இடித்து அடங்கிவிடும். ரிச்சர்டு பெயர் வாங்கின பாட்டு அந்தச் சுரத்தில்தான் முடியும். அது எனக்குத் தெரியும்.

கச்சேரி ஆரம்பிக்கிற நேரத்துக்குப் போய்க் கொடுத்தேன். ஒரு தடவை மொத்தமாக வருடிப் பார்த்து, "சூப்பர்மா" என்றான். அப்புறம் அந்தப் பாட்டு. அந்த முடிவு. கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, அவன் இழுத்து அழுத்தினான். 'டப்.'

நான் எழுந்து நின்று பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான். மறு நிமிஷமே மைக்கில், "ஜெர்மன் பீஸ் இல்லியா, அதான் நம்ம உப்புக் காத்து ஒத்துக்கல" என்றான். போன தடவையைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். நான் போட்ட பள்ளமே அவன் பொய்க்குச் சாட்சியாகிவிட்டது. நீங்களே சொல்லுங்கள், இப்படி ஒரு பழி வாங்கலை வேறு யாராவது வாங்கியிருப்பார்களா? அவன் அதைக் கடைசிவரை சரி செய்யவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன், "நீயா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். அப்புறம், "அவன் தப்பு பண்ணான். அந்த மரக்கட்ட இன்னா பாவம் பண்ணிச்சி?" என்றான். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். மகளை விட்டு அதற்குக் கீழே எழுத வைத்தேன்: 'தம்பி, இடது துளையில் டார்ச் அடித்துப் பார். லேபிளை ஈரத்துணியால் ஒற்றி எடு. அடியில் செய்தவர்கள் பெயர் இருக்கும்.' சிரிக்கிற பொம்மை போட்டு, 'ஆன்ட்டி, இது ஜெர்மன்' என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வீடியோவே இல்லை. உரித்துப் பார்த்திருக்கிறான். நான் சமையலறையில் குதித்தேன். இந்த வயதில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு.

"சேவ் பண்ணி வச்சியாம்மா?" என்று மகள் கேட்டாள்.

வைக்கவில்லை. ரிச்சர்டு போய்ச் சேர்ந்துவிட்டான். பெட்டிப் பலகைக் கடைகள் போய்விட்டன. காசிமேட்டில் இப்போது ஃபைபர் போட்டுகள்தான். அண்ணன் செத்து மூன்று வருஷம் ஆகிறது. அவன் செய்த கிட்டார் பாடினது வேறெங்கேயும் பதிவாகவில்லை. அந்த வீடியோ ஒன்றுதான். மகள் காட்டினபோது அது முழுசாக நான்கு நிமிஷம் ஓடியது. நான் அதில் எதையும் கேட்கவில்லை. அந்த 'டப்' எப்போது வரும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.