ஆடியில் வந்த சாவி

எங்க மாமா, அதாவது என் வூட்டுக்காரரோட அப்பா, எங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். தன் பொணம் சொந்த வூட்டு வாசல்லேந்து கிளம்பணும். இதை அவரு அழுதுக்கினு எல்லாம் சொல்ல மாட்டாரு. சோத்துக்கு ரசம் ஊத்தும்போது, டிவியில நியூஸ் பாக்கும்போது, சாதாரணமா சொல்லுவாரு. "இன்னா மாமா, சாப்புடும்போது பொணம் கிணம்னுக்கினு"னு நான் எரிஞ்சு விழுவேன். எனக்குக் கோவம் மூக்கு மேல. அவரு சிரிச்சிக்கினே தட்டைப் பாத்துக்குவாரு.

அவரு அப்படிக் கேட்டதுக்குக் காரணம் இருந்தது. மாமியார் போனப்ப வில்லியனூர்ல வாடகை வூட்டுல இருந்தோம். ஆஸ்பத்திரியிலேந்து எடுத்துக்கினு வந்தப்ப, வூட்டுக்காரம்மா கேட்டுக்கு வெளிய நின்னு, "உள்ள வேணாம்மா, தப்பா நெனைக்காதீங்க"னாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. பொணம் வச்ச வூடுன்னா அப்புறம் குடித்தனத்துக்கு எவன் வருவான். தெருவுல ஷாமியானா போட்டு ஐஸ் பொட்டியை வச்சோம். தண்ணி லாரி போகணும்னு அந்தப் பொட்டியை ரெண்டு தடவ நகத்தினாங்க. மாமா பொட்டியைப் புடிச்சிக்கினு கூடவே நகந்தாரு. அன்னிலேந்துதான் இந்தப் பேச்சு.

மாமா குருவிநத்தத்துக்காரரு. அண்ணன் தம்பி பாகம் பிரிச்சதுல இவரு கைக்கு ஒண்ணும் வரல. கரும்பு லாரி ஓட்டினாரு. அந்தக் காலத்துலயே யாரோ சொன்னாங்கன்னு வீடு கட்டித் தர்ற கூட்டுறவு சங்கத்துல மெம்பர் ஆனவரு. நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல, "சங்கமாவது வூடாவது"னு நக்கல் பண்ணுவேன். வருஷா வருஷம் மீட்டிங் போவாரு, ஒரு மிக்சர் பொட்டலத்தோட வருவாரு. அதை என் பொண்ணுக்குக் குடுப்பாரு. இருவத்தஞ்சு வருஷத்துல சங்கம் குடுத்தது அந்த மிக்சர்தான்.

அப்புறம் நெஜமாவே சங்கம் ஏம்பலம் போற ரோட்டுல மனை வாங்கி வரிசையா வூடு கட்டிச்சு. மாமா முறை வந்தப்ப அவருக்கு வயசு தாண்டிப்போச்சு. அந்த வயசுக்கு வூட்டுக் கடன் கெடையாது. மாமா சங்கத்து ஆபீஸ்ல பெஞ்சுல உக்காந்தவரு எழுந்திரிக்கவே இல்ல. அங்க செக்ரட்டரியா இருந்தது ஒரு அம்மா. அதட்டிப் பேசுற ஆளு. என்னைப் பாத்து, "ரேஷன் கார்டு எடுத்தாந்தியா?"னு கேட்டாங்க. குடுத்தேன். மாமா, அவரு மகன், நான், என் பொண்ணு, நாலு பேரும் ஒரே கார்டுல இருந்தோம். ஊர்ல எல்லாரும் கல்யாணம் ஆன கையோட கார்டைப் பிரிச்சி ரெண்டு பங்கு அரிசி வாங்குவாங்க. எங்க வூட்டுல பிரிக்காததுக்கு என் சோம்பேறித்தனம்தான் காரணம்.

அந்த அம்மா முகத்துல மொத தடவையா சிரிப்பு. ஒரே கார்டுல இருந்தா ஒரே குடும்பம், பெரியவரோட சீனியாரிட்டிக்கு மகன், மருமக சம்பளத்தைக் காட்டலாம்னு சங்கத்து விதியில இருக்காம். என் வூட்டுக்காரருக்குக் கம்பெனியில வேல, நான் தையல் யூனிட்ல. ரெண்டு பேர் சர்டிபிகேட்டும் வாங்கி, கையெழுத்து போடவேண்டிய எடத்துல எல்லாம் பென்சில்ல புள்ளி வச்சிக் குடுத்தாங்க. மாமாவுக்கு மூச்சு வாங்குறதப் பாத்துட்டு, படி இல்லாத வூடா மாத்தியும் விட்டாங்க. பெத்த பொண்ணு கூட அப்படிச் செய்ய மாட்டா.

சாவி ஆடி பொறந்து மூணாம் நாள் வந்துச்சு. மத்தவங்களுக்கெல்லாம் ஆவணியிலதான். எங்களுக்கு மட்டும் அந்த அம்மா அதிகாரிங்ககிட்ட சண்ட போட்டு முன்னாடியே வாங்கிக் குடுத்தாங்க. என்னைத் தனியா கூப்பிட்டு, "நாளு கிழமை பாக்காத. பெரியவரைக் கூட்டிக்கினு போயிடு"ன்னாங்க. தலைய ஆட்டிட்டு வந்தேன்.

மாமா சாவியை வாங்கி சட்டைப் பையில போட்டாரு. எடுத்தாரு. திரும்பப் போட்டாரு. "நாளைக்கே போயிடலாமா?"ன்னாரு. அப்பதான் நான் வாயத் தொறந்தேன். "இன்னா மாமா, ஆடி மாசத்துல எவனாவது பால் காய்ச்சுவானா? சின்னக் கொழந்தைக்குத் தெரியும்." ஆயுசுக்கும் ஒரு வூடு. அதுல ஒரு குறை வைக்கக் கூடாதுன்னு எனக்கு. இன்னொண்ணும் இருந்துச்சு, சொல்லிடறேன். பாகம் குடுக்காம வெரட்டின குருவிநத்தத்து சனமெல்லாம் வந்து பந்தியில உக்காரணும், வாசல்ல வாழை மரம் கட்டியிருக்கிறதப் பாக்கணும்னு ஆசை. ஆடியில கூப்பிட்டா எவன் வருவான். ஆவணியில மொத முகூர்த்தத்துக்கு நாள் குறிச்சி பத்திரிகையும் அடிச்சிட்டேன்.

மாமா "செரி, நாலு வாரந்தான"ன்னாரு. சாவியை என் கையில குடுத்துட்டாரு.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில சேத்தோம். ரெண்டாம் நாள் மத்தியானம் போயிட்டாரு. நான் கேன்டீன்ல வெந்நீர் வாங்கிக்கினு வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு.

ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு டிரைவரு, "எங்கண்ணா போவணும்?"னு கேட்டாரு. அதுக்குள்ள வாடகை வூட்டுக்காரம்மா போன் பண்ணிட்டாங்க, போன தடவ சொன்னதையே சொன்னாங்க. என் வூட்டுக்காரரு என்னைப் பாத்தாரு. "புது வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடலாமாடி?"ன்னாரு. சாவி என் கைப்பையில இருந்துச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பால் காய்ச்சாத வூட்டுல மொதல்ல பொணத்தையா வைப்பாங்க? நமக்கு வாழ வேண்டிய பொண்ணு இருக்குய்யா."

அவரு டிரைவர்கிட்ட வில்லியனூர்னாரு.

அதே தெரு. அதே ஷாமியானாக்காரரு. மாமியாரை வச்ச எடத்துலயே மாமாவை வச்சோம். ஒருபக்கம் வண்டிங்க ஆரன் அடிச்சிக்கினு போச்சு. குருவிநத்தத்து சனம் எல்லாம் வந்துது, ஒருத்தர் பாக்கி இல்ல. பந்தி பாக்க வரணும்னு நெனச்சேன், ரோட்டோரம் நின்னு பாத்துட்டுப் போனாங்க.

சங்கத்து அம்மா மாலையோட வந்தாங்க. மாலையைப் போட்டுட்டு என் பக்கத்துல வந்து நின்னாங்க. "ஏம்மா ரோட்டுல வச்சிருக்க? சாவி குடுத்தேனே"ன்னாங்க. அதட்டியே பேசுறவங்க அன்னிக்கு மெதுவாத்தான் கேட்டாங்க. செருப்பால அடிச்சிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன்.

கருமாதி முடிஞ்சதும் பெரியவங்க உக்காந்து பேசினாங்க. சாவு விழுந்த குடும்பம், வருஷம் திரும்புற வரைக்கும் நல்ல காரியம் எதுவும் பண்ணக் கூடாது, பால் காய்ச்சவும் கூடாதுன்னாங்க. சங்கத்து விதி வேற. சாவி வாங்கின மூணு மாசத்துல குடி போகலன்னா வூடு அடுத்த மெம்பருக்குப் போயிடும். நான் அடிச்ச பத்திரிகைங்க கட்டோட பீரோ மேல கெடந்துச்சு. அடுப்புல போட்டேன்.

ஆவணிக் கடைசியில ஒரு மினி வேன்ல சாமான ஏத்திக்கினு போனோம். வாழை மரம் இல்ல, கோலம் இல்ல, சனம் இல்ல. என் பொண்ணு தாத்தா படத்தை மடியில வச்சிக்கினு முன் சீட்டுல உக்காந்திருந்தா. மறுநாள் காலையில டீ போட அரை லிட்டர் பாக்கெட் பாலை அடுப்புல வச்சேன். பொங்கி வழிஞ்சிச்சு. என் வூட்டுக்காரரு வந்து கேஸை அணைச்சிட்டு, துணியால மேடையைத் தொடச்சாரு.

அவ்வளவுதான் எங்க வூட்டுக்குப் பால் காய்ச்சினது. நாளு பாக்கல, கிழமை பாக்கல, யாரையும் கூப்பிடல. இதையேதான மாமா கேட்டாரு, ஆடி மூணாம் நாளு.