அண்ணன் குறுக்கே பேசிய பாட்டுகள்

எழுபதுகளின் கடைசியில் கொழும்பில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கொம்பனி இருந்தது. டிஸ்கோ தாளத்தில் தமிழ்ப் பாட்டுகள் போட்டது. நாலைந்து வருடம் எங்கள் ஊர்க் கல்யாண வீடெல்லாம் அதற்குத்தான் ஆடின. பிறகு கலவரத்தில் கடையோடு மூலநாடாக்களும் எரிந்துபோயின. முதலாளி வெளிநாடு போய், அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்பார்கள்.

அந்தக் கொம்பனியின் தட்டுகள் அத்தனையும் கடலோரக் கல்லடியில் என் அண்ணனின் ரெக்கோடிங் பார் கடையில் இருந்தன. கேட்டவர்களுக்குக் கசெற்றில் பதிந்து கொடுப்பார். அடுத்த கடைக்காரன் அதிலிருந்து பதிந்து விற்காமல் இருக்க, பாட்டின் நடுவே சத்தத்தைக் குறைத்து, "இது கல்லடிப் பதிவு" என்று தன் குரலைப் புகுத்துவார். எல்லாக் கடைகளிலும் அதுதான் வழக்கம். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகிக் கொக்கட்டிச்சோலைக்குப் போகும்போது, "எனக்கு உங்கட குரல் இல்லாமப் பதிஞ்சு தாங்க" என்று அடம்பிடித்தேன். கேட்டபடியே தந்தார்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலை அண்ணன் கடையிலிருந்து தப்பி வெளியே வந்துவிட்டார். தட்டுகளை எடுக்கத் திரும்பிப் போனார். மூன்றாம் நாள் ஊருக்குப் பின்னால், உப்புநீர்க் களப்போரம் உடலாகக் கிடைத்தார். அந்தத் தட்டுகளை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பிறகு யுத்தத்தில், களப்புக்கு மேற்கே எங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஷெல் விழுந்தது. நெல் மூட்டைகளை விட்டுவிட்டுக் கசெற்றுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அகதி முகாமில் இரவல் கசெற் ரேடியோவில் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒரு பாட்டிலும் அண்ணன் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். அந்தக் கொம்பனியின் பாட்டுகளைத் தேடித் திரட்டுகிறவர். என் கசெற்றுகளைக் கேட்டதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஓட்டமாவடியில ஒரு பெட்டி கசெற் கிடைச்சதுதான் அக்கா. ஆனா எல்லாத்திலயும் ஒராள் நடுவுல பேசிப் பழுதாக்கிப்போட்டார். அந்த இடங்கள வெட்டிப்போட்டு உங்கடயச் சேர்க்கலாம்."

"வெட்டினத எறியாதீங்க தம்பி," என்றேன். "அத எனக்குத் தாங்க."

ஒரு மாதம் கழித்து சீடி வந்தது. அதில் முழுப் பாட்டு ஒன்றுமில்லை. "இது கல்லடிப் பதிவு" என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒரு தடவை தும்மிவிட்டுச் சொல்கிறார். கடைசித் துண்டில், அவர் சொல்லி முடிக்குமுன்னே, கடைக்குச் சோறு கொண்டுபோன என் குரல் பின்னால் கேட்கிறது:

"கொஞ்சம் வாய மூடுங்களன் அண்ணா."