செருப்புக்குக் காவல் இருந்தவள்

பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்த நாவலை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். மூடி வைக்கலாம் என்றுதான் கையில் எடுத்தேன். திறந்திருந்த பக்கத்தில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பே தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் எல்லோருடைய செருப்புகளுக்கும் காவல். தனக்கு ஜலதோஷம் என்று சொல்லியிருக்கிறாள். உண்மையில் அவளுக்குக் கடலைக் கண்டால் பயம்.

நின்றபடியே அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறோம். உறவினர் யார் வந்தாலும் பஸ் ஏறி மாமல்லபுரம் கடலுக்குக் கூட்டிப் போவோம். போகும்போதெல்லாம் செருப்பு, கைப்பை, செல்போன் எல்லாவற்றுக்கும் நான்தான் காவல். பன்னிரண்டு வயதில் ஓர் அலை என்னைப் புரட்டிப் போட்டது. மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி நான் இருமியதைப் பார்த்து அத்தை பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகு நான் கால்கூட நனைக்கவில்லை. கேட்டவர்களிடம் புடவை நனைந்துவிடும் என்பேன்.

மறுநாள் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். செங்கல்பட்டில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அதையே படித்தேன். அந்தப் பெண்ணுக்கு வாயாடித் தோழி ஒருத்தி. ஜலதோஷத்தை நம்பாதவள் அவள் ஒருத்திதான். அவர்கள் பேச்சில் மூழ்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வீட்டு வாசலிலேயே மகள் பிடித்துக்கொண்டாள். "ம்மா, என் புக்க நீயா எடுத்துகினு போன? நா பாதில கீறேன்."

"அந்தப் பொண்ணு நான்தாண்டி."

"எந்தப் பொண்ணு?"

"செருப்பு பாத்துக்கறவ."

யாரிடமும் சொல்லாத கதையை அவளிடம் சொன்னேன். அவள் புத்தகத்தை வாங்கக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ புடவ நனையும்னு சொன்னதுலாம்?"

"பொய்தான்."

"நா அந்த ஃப்ரெண்டுதான் நான்னு நெனச்சுகினு படிச்சேன், ம்மா. அவளும் லொடலொடன்னு பேசினே கீறா இல்ல." கொஞ்சம் யோசித்தாள். "அப்போ உன்ன நாந்தான் கூட்டினு போவணும். ஞாயித்துக்கெழம ரெடியா இரு."

ஞாயிற்றுக்கிழமை நான் சுடிதாரில் கிளம்பியதைக் கண்டு என் கணவர், "இன்னா விசேஷம்?" என்றார்.

"ப்பா, இன்னிக்கு செருப்பு டூட்டி உனுக்கு," என்றாள் மகள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மாமல்லபுரம் கரையில் படகுகள் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. மகள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். கணுக்கால் நனைந்தது. பிறகு முழங்கால். காலடியில் மணல் சரிய, நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ண தொறம்மா. அலை வரச்சொல்லோ எகிறு."

முதல் அலைக்கு எகிறினேன், இரண்டாவதற்கும் எகிறினேன். மூன்றாவது என்னை உட்கார வைத்துவிட்டது. மூக்கில் உப்பு ஏறி இருமினேன். மகள் சிரித்தாள். இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கவே முடியவில்லை. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. விரல் நுனிகள் சுருங்கும்வரை நான் வெளியே வரவில்லை. கடைசியில் கணவர்தான் வந்து, "பசிக்குது, வாங்க," என்று கூப்பிட்டார்.

நாவலின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் நீச்சல் போட்டியில் மெடல் வாங்குகிறாள். "இது ஓவர்," என்றேன். "கதைனா அப்டித்தாம்மா," என்றாள் மகள். இரண்டு நாள் சாப்பிடும்போதெல்லாம் அதைப் பற்றியே வாதாடினோம்.

அடுத்த வாரம் வேறொரு நாவல் கொண்டுவந்தாள். அட்டையில் சைக்கிள் ஓட்டும் பெண். எனக்குச் சைக்கிளும் வராது. கை நீட்டினேன். அவள் தரவில்லை, நான் எடுத்துவிடுவேன் என்று படிக்காத நேரமெல்லாம் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள்.